குரல் நீங்கிய பாட்டு

பாட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது பாடுவோன் குரலேயாம். அக்குரலைத் தாங்கி நிற்கும் யாழும் குழலும் முழவும் தாளமும் பின்னரே நினைவுக்கு வருவன. இவ்வியல்பான முறை இக்காலத்தில் ஒருவகையில் தலைகீழாகியிருக்கின்றது. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரைப் பட்டினங்களிலாயினும் படுவான்கரைச் சிற்றூர்களிலாயினும், பாடசாலைக் கலைவிழா, திருமண மண்டபம், ஆலய விழாவையொட்டிய கலைநிகழ்ச்சி ஆகிய இடங்களிற் பாடுவோர் வருமுன்னரே இசை வந்து காத்திருப்பதைக் காணலாம். வந்திருப்பது வாத்தியகாரரின் இசையன்று. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ அடங்கி ஒலிபெருக்கியின் வழியே வெளிப்படும் இசை அது. முன்னொரு நாளில் ஒரு பாடகர் பாடிப் பதிவு செய்த பாட்டிலிருந்து அவர் குரலை மட்டும் களைந்தெடுத்தபின் எஞ்சியதே அவ்விசை. வழக்கில் இதனைக் 'கரோக்கி' என்பர். பிறர் குரல் இருந்த வெற்றிடத்தில் தம் குரலைப் பெய்து பாடுதலே இங்கு நிகழ்வது.

இவ்வழக்கத்தைப் பழித்தொதுக்குவோரும் உளர். காலத்தின் கொடை என்று போற்றுவோரும் உளர். இரு திறத்தாரும் பெரும்பாலும் பாடுவோனை நோக்கியே பேசுகின்றனர். அவன் குரல் வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதே அவர்தம் வினா. ஆயின் ஈண்டு உசாவ வேண்டிய முதல் வினா வேறொன்றாகும். பாட்டுக்குப் பக்கத்தே நிற்கும் இசையின் தொழில் யாது? அத்தொழிலைப் பதிவு செய்த இசை ஆற்ற வல்லதா? இவ்வினாவுக்கு விடை கண்டபின்னரே, கரோக்கி எவ்விடத்துக்குப் பொருந்தும், எவ்விடத்துக்குப் பொருந்தாது என்பது தெளிவாகும்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். ஒரு பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு இசைத்தட்டு ஆக்கும் முறை புதிதன்று. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டிலே 'மியூசிக் மைனஸ் ஒன்' என்னும் நிறுவனம் தோன்றி, ஒரு கருவியின் பகுதியை நீக்கி ஏனையவற்றைப் பதிந்த இசைத்தட்டுக்களை வெளியிட்டது. வீட்டிலிருந்து பயில்வோன் ஒருவன் அத்தட்டைச் சுழலவிட்டு, விடுபட்ட பகுதியைத் தானே வாசித்துப் பழகலாம். பயிற்சியே அதன் நோக்கம். அரங்கு அதன் நோக்கமன்று.

கரோக்கி என்னும் பெயர் யப்பானில் எழுந்தது. வெறுமை என்று பொருள்படும் சொல்லும், இசைக்குழு என்று பொருள்படும் சொல்லின் குறுக்கமும் சேர்ந்து அப்பெயராயின. அங்கே இதற்கெனப் பொறி அமைத்தோருள் ஒருவர் கோபே நகரத்து டைசுகே இனூவே என்பவர். இவர் 1971ஆம் ஆண்டில் இத்தகைய பொறிகள் சிலவற்றை ஆக்கி வாடகைக்கு விட்டார். அவற்றுக்குக் காப்புரிமை பெறவில்லை. ஆயினும் அப்பொறி தோன்றிய காரணமே ஈண்டு நமக்கு மிகவும் பயன்படுவது. இனூவே மதுச்சாலைகளிலே பாடுவோருக்குப் பக்கம் வாசிப்பவராக இருந்தவர். வந்து பாடுவோர் முறையாகப் பயின்றவரல்லர்; சுருதி விலகுவர், தாளம் தப்புவர். அவர்தம் போக்கறிந்து, அவர் தளர்ந்தால் தளர்ந்தும் விரைந்தால் விரைந்தும் வாசிப்பதே அவருடைய திறமை. அவர் வாசிப்பிலே பழகிய வணிகர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்கு அவரை உடன் அழைத்தார். செல்ல இயலாத இனூவே, அவ்வணிகர் பாடும் விதம் தமக்குத் தெரியுமாதலின், அதற்கேற்ப வாசித்து ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார் என்று அவரே சொல்லியிருக்கின்றார்.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குக. அந்நாடாவிலே பாடுவோன் குரல் இல்லை. ஆயினும் அவனைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு செவி இருந்தது. அவன் எவ்விடத்தில் மூச்சு வாங்குவான், எவ்வடியை நீட்டுவான் என்பன அவ்விசைக்குத் தெரிந்திருந்தன. பின்னர் ஆயிரக்கணக்கான பேருக்காகப் பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட நாடாக்களிலே அச்செவி இல்லாதொழிந்தது. கரோக்கி என்னும் பெயரிலுள்ள வெறுமை குரலின் வெறுமை என்றே பலரும் கொள்வர். கேட்கும் செவியின் வெறுமை என்று கொள்ளுதல் அதனினும் பொருத்தமுடைத்தாம்.

தமிழ்ச் சினிமாவிலும் குரலை உருவினின்று பிரிக்கும் வழக்கம் நெடுநாளையது. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதலாகச் சில ஆண்டுகள் நடிப்போரே பாடினர். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திலே ஒருவர் நடிக்க மற்றொருவர் குரல் கொடுக்கும் பின்னணிப் பாட்டு முறை இடம்பெற்றது. எனினும் அக்காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளிலும், பாடகரும் வாத்திய கோஷ்டியினரும் ஒரே கூடத்தில் ஒரே பொழுதில் இசைத்தே பாட்டைப் பதிவு செய்தனர். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்குவர். பதிவுக்கருவி வளர்ந்தபின், வாத்திய இசையை ஒரு நாளும் குரலை மற்றொரு நாளுமாகத் தனித்தனியே பதியும் முறை வேரூன்றியது. வழிகாட்டும் பொருட்டு ஒருவரை முதலிற் பாடச் செய்து, பின்னர் அவர் குரலை நீக்கி, பெயர்பெற்ற பாடகரின் குரலை அவ்விடத்திற் பெய்வதும் வழக்கமாயிற்று. அம்முதற் பாட்டைப் பாடுதலையே 'டிராக் பாடுதல்' என்பர். ஆதலின் குரலை நீக்குதல் என்பது கைத்தொலைபேசியோடு வந்ததன்று; ஒலிப்பதிவுக் கூடத்திலேயே அது கருக்கொண்டுவிட்டது.

அங்ஙனம் பதிந்த பாட்டே பாட்டின் நிலையான வடிவம் என்னும் எண்ணத்தை மக்கள் உள்ளத்திற் பதித்ததில் வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்களைப் புறக்கணிக்க, கடல் கடந்த நேயர்களும் இலங்கை வானொலியை நாடினர். ஒரே பாட்டு, ஒரே குரலில், ஒரே விரைவில், அணுவளவும் மாறாது நாள்தோறும் செவியில் விழுந்தமையால், பாட்டென்றால் அப்பதிவே என்று கொள்ளும் செவி உருவாயிற்று. இன்றைய பாடகன் மேடையிலே அதே இசை, அதே இடைவெளி, அதே அளவு வேண்டுமென்று விரும்புவது இவ்வளர்ப்பின் விளைவேயாம்.

இனி, ஒன்றாகக் கலந்துவிட்ட பாட்டிலிருந்து குரலைக் களைவது எவ்வாறு என்பதை நோக்குவாம். முன்னைய முறை எளியது. ஸ்டீரியோப் பதிவிலே இடச்செவிக்கு ஒன்றும் வலச்செவிக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிவழிகள் உள. குரல் நடுவிலிருந்து கேட்கவேண்டும் என்பதற்காக இரண்டிலும் அதனை ஒரே அளவில் வைப்பர். கருவிகளையோ ஒருபுறம் சற்றுக் கூட்டியும் மறுபுறம் சற்றுக் குறைத்தும் பரப்புவர். ஒரு வழியின் ஒலியலையைத் தலைகீழாக்கி மற்றதனோடு சேர்த்தால், இரண்டிலும் ஒத்திருப்பது ஒன்றையொன்று அழித்து மறையும், ஒவ்வாதது எஞ்சும். குரல் நீங்கும். ஆயின் அதனோடு நடுவில் வைக்கப்பட்ட முழவின் அடியோசையும் பிறவும் நீங்கிவிடும். மேலும், இருபுறமும் வெவ்வேறு வகையாகப் பரந்து நிற்கும் குரலின் எதிரொலி நீங்காது நிற்கும். பாடியவர் போய்விட்டார், அவர் பாடிய கூடத்தின் முழக்கம் போகவில்லை. கூர்ந்து கேட்போர் அந்த நிழலைக் கேட்பர்.

இம்முறை ஒற்றை வழியிற் பதிந்த பழம் பாட்டுக்களுக்குப் பயன்படாது. இரண்டு வழி இருந்தாலன்றோ ஒன்றை மற்றொன்றாற் கழிக்கலாம்? தமிழ்ப் படப்பாடல்களில் ஸ்டீரியோ முறைக்கு முன்னோடியாகப் பேசப்படுவன 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள். ஆகவே அதற்கு முன்னைய பெருஞ்செல்வம் முழுவதும் இம்முறைக்கு எட்டாதிருந்தது. அண்மைக் காலத்திலே அத்தடையும் நீங்கிற்று. பிரான்சு நாட்டு 'டீசர்' நிறுவனம் 2019இல் 'ஸ்பிளீட்டர்' என்னும் மென்பொருளை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டது. குரல் தனியாகவும் கருவிகள் தனியாகவும் பதிந்துள்ள பாட்டுக்கள் பலவற்றைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி அளிப்பர். அது பின்னர்த் தான் முன்பு கேளாத பாட்டிலும் எது குரல், எது கருவி என்று மதிப்பிட்டுப் பிரிக்கும். 1970களிலே ஜோன் லெனன் ஒலிநாடாவிற் பதிந்து வைத்த ஒரு பாட்டிலிருந்து அவர் குரலை இவ்வகையான முறையாற் பிரித்தெடுத்து, 'பீற்றில்ஸ்' குழுவின் பெயரால் 2023இல் வெளியிட்டமை உலகறிந்தது.

ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இப்பொறி பிரிப்பது மதிப்பீட்டினாலேயாம். அது எவ்விசையிற் பயின்றதோ அவ்விசையையே நன்கு பிரிக்கும். இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படும் ஒரு பயிற்சித் தொகுதி 150 பாட்டுக்களைக் கொண்டது; அவற்றுட் பெரும்பாலன மேனாட்டுப் பாட்டுக்கள். நமது கருநாடக இசைக்கு வரும்போது புதியதோர் இடர் தோன்றுகின்றது. வயலின் குரலின் நிழலாகவே இயங்குவது. பாடகர் வளைத்த வளைவையெல்லாம் அதுவும் வளைக்கும். குரலையும் அதனைத் தொடரும் வயலினையும் பிரித்தறியப் பொறி தடுமாறும். இத்தடுமாற்றத்தைப் போக்கக் கருநாடகக் கச்சேரிகளின் பதிவுகளையே கொண்டு பயிற்சி அளிக்க ஆய்வாளர் முனைந்தனர். அங்கும் ஒரு தடை. கச்சேரி மேடையிலே பாடகருக்கு முன்னுள்ள ஒலிவாங்கியில் மிருதங்கமும் வயலினும் கலந்து விழுகின்றன. மிருதங்கத்தின் ஒலிவாங்கியிலே குரல் விழுகின்றது. எதுவும் தூய தனியிசையாகக் கிடைப்பதில்லை.

பொறியியலார் இதனைக் குறை என்பர். இசையாராய்வோருக்கோ இது ஓர் உண்மையின் சான்றாகும். அவர்கள் அருகருகே அமர்ந்து ஒருவரை ஒருவர் கேட்டு இசைத்தார்கள். ஆதலினாலேயே ஒருவர் இசையில் மற்றவர் இசை கலந்திருக்கின்றது. பிரிக்க இயலாமைக்குக் காரணம் பொறியின் குறை மட்டுமன்று. அவ்விசை பிறந்த விதமே அத்தகையது.

தமிழ் மரபு பக்க இசையை எவ்வாறு கொண்டது என்பதற்குத் தலைசிறந்த சான்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையாம். மாதவியின் ஆடல் அரங்கேறுமுன், ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் வேண்டிய இலக்கணத்தை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். ஆடுபவளின் சிறப்பைச் சொல்ல வந்த புலவர், அவளுக்குத் துணை நிற்போரின் இலக்கணத்தை இத்துணை விரிவாகச் சொல்வானேன்? துணையிசை இழுக்கின் ஆடலும் இழுக்கும் என்பதனாலன்றோ? அவருள்ளும் தண்ணுமையோனுக்கு அவர் கூறும் இலக்கணம் உன்னத்தக்கது. பிற கருவிகளின் இசையிலே குறை நேருமிடத்து அதனை நிரப்புதலும், மிகை தோன்றுமிடத்து அதனை அடக்குதலும் அவன் கடன். குறை எங்கே நேரும், மிகை எங்கே தோன்றும் என்பது முன்கூட்டித் தெரிவதன்று. அக்கணத்திலே கேட்டு, அக்கணத்திலே செய்யவேண்டியது அது. எனவே தண்ணுமையோனுக்குக் கையினும் செவி முதன்மையானது.

யாழ்ப்பாணர் வரலாறும் இதனையே வேறொரு வகையால் விளக்குகின்றது. திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு உடன் இசைத்து வந்தார். யாழ் வாசிப்பினாலேயே பதிகங்கள் சிறப்புற்றன எனச் சுற்றத்தார் புகழ, அதனைப் பொறாத பாணர், யாழில் அடங்காத இசையிற் பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். திருத்தருமபுரத்திலே அவ்வாறே பாட, யாழ் அவ்விசையைத் தொடரமாட்டாது தோற்றது. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, கருவியின் அளவில் இயன்றவாறு வாசித்து வருக என்றருளினார் எனப் பெரியபுராணம் கூறும். இதனைப் பத்திமையின் பெருமைக்குச் சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். இசைத்துணையின் பெருமைக்கும் இது சான்றாதல் கூடும். தன் யாழ் பாட்டைத் தொடவில்லை என்பதைப் பாணர் கேட்டார், கேட்டதனால் நாணினார். தன் தோல்வியைத் தானே உணரும் துணையே மெய்த்துணை. பதிந்த இசையோ தோற்பதுமில்லை, நாணுவதுமில்லை. பாடுவோன் முன்சென்றாலும் பின்தங்கினாலும் அது தன் வழியே சென்று தன் நேரத்தில் முடியும்.

மட்டக்களப்பு நாட்டின் கூத்து மரபிலே இவ்வுண்மை இன்னும் உயிரோடு விளங்குகின்றது. வடமோடியாயினும் தென்மோடியாயினும், களரியிலே கூத்தர் மட்டும் பாடுவதில்லை. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளம் போடுவோரும் ஏடு பார்ப்போரும் பிற்பாட்டுக்காரரும் உடன் நிற்பர். கூத்தர் தருவைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். அவ்வேளையில் ஆட்டம் நிகழும். இரவு முழுதும் ஆடும் கூத்திலே ஆடுவோர் இளைத்தல் இயல்பு. இளைத்தவர் குரல் தாழும்போது பிற்பாட்டு உயர்ந்து அவரைத் தாங்கும். அவர் அடி மறந்தால் ஏடு பார்ப்பவர் எடுத்துக் கொடுப்பார். ஆட்டம் சூடேறும்போது மத்தளம் விரையும். பார்ப்போர் பெரும்பாலும் இவற்றை உணர்வதில்லை. அவர் உணராதிருப்பதே பிற்பாட்டின் வெற்றி.

இத்திறமை ஒரே நாளில் வருவதன்று. சட்டம் கொடுத்தல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகளைக் கடந்தே கூத்து அரங்கேறும். அத்தனை மாதமும் அண்ணாவியார் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கின்றார் என்பர். அவரே அப்பிள்ளைகளைக் கற்கின்றார் என்பதும் உண்மை. எவனுக்கு மூச்சுக் குறைவு, எவன் மேற்சுருதியில் நடுங்குவான், எவனுக்குத் தாளம் நழுவும் என்பன யாவும் அரங்கேற்ற நாளில் அவர் கைக்குத் தெரிந்திருக்கும். ஒருவனுக்காக வாசித்து நாடாவிற் பதிந்த கோபே நகரத்து வாத்தியகாரருக்கும் நம்மூர் அண்ணாவியாருக்கும் இவ்விடத்தில் ஒற்றுமை உண்டு.

வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கும் ஈண்டு கருதத்தக்கது. அங்கே பாட்டு சடங்கின் ஓர் உறுப்பு. சடங்கு நீளுமாயின் பாட்டும் நீளும். பூசகரின் கை எழும்போது அது எழும். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டி வரையறுக்க இயலாத இத்தகைய இடத்திலே, முடிவு முன்னரே வரையறுக்கப்பட்ட ஒலிப்பதிவுக்குப் பொருத்தமில்லை. பதிவை வைப்பின் சடங்கு பதிவுக்குக் காத்திருக்கும். அன்றேல் பதிவு சடங்குக்கு முன்னரே முடிந்து நிற்கும்.

இவ்வாறு கூறுவதற்குத் தக்கதோர் எதிருரை உண்டு. மரபு என்பது மாறாதிருப்பதன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தை அனைத்திந்திய வானொலி 1940இல் விலக்கியது. 1970களின் தொடக்கத்தில் அத்தடை தளர்ந்தது. இன்றோ ஆர்மோனியமில்லாத பசனையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தம்புராவின் தொழிலைச் செய்யும் மின்பொறி 1979இல் பெங்களூரில் ஆக்கப்பட்டது. இப்பொழுது அது இல்லாத கச்சேரி மேடை அரிது. கூத்தும் மாறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1962இல் 'கர்ணன் போர்' முதலாகப் பல கூத்துக்களை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடியதைச் சில நாழிகைக்குள் அடக்கினார். வட்டக்களரிக்குரியதைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். இவையெல்லாம் ஏற்கப்பட்டனவாயின் கரோக்கியை மட்டும் தடுப்பானேன் என்று வினவலாம்.

வினா நியாயமானதே. விடையும் அவ்வெடுத்துக்காட்டுக்களிலேயே உள்ளது. ஆர்மோனியம் புதிய கருவி. ஆயினும் அதனை வாசிப்பவன் ஒரு மனிதன். அவன் கேட்டு வாசிக்கின்றான். தம்புராவின் தொழிலோ மாறாதிருத்தல். பாடகர் எங்குச் சென்றாலும் ஆதார சுருதி அசையாதிருத்தல் வேண்டும். மாறாமையே தொழிலாக உடைய ஒன்றைப் பொறியிடம் ஒப்படைத்ததனால் நேர்ந்த இழப்புச் சிறிதே. பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தின் கால அளவைக் குறைத்தார், அரங்கை மாற்றினார், ஆனால் அண்ணாவியாரையும் மத்தளத்தையும் பிற்பாட்டையும் மேடையினின்று நீக்கவில்லை. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை வரவழைத்தே பல்கலைக்கழக மாணவரைப் பயிற்றுவித்தார். எனவே மாற்றங்களை அளக்கும் கோல் ஒன்று கிடைக்கின்றது. மாறாதிருப்பதற்காக உள்ளதைப் பொறி செய்யலாம். கேட்டு மாறுவதற்காக உள்ளதைப் பொறியிடம் விடலாகாது.

கரோக்கியினால் விளைந்த நன்மையையும் மறைத்தல் முறையன்று. வயலின் ஆசிரியரோ மிருதங்க ஆசிரியரோ இல்லாத பாடசாலைகள் வாவியின் மேற்கரையிற் பல. வாத்தியகாரரை வரவழைத்துச் சன்மானம் வழங்கப் பெற்றோருக்கு வசதியில்லை. அத்தகைய இடத்திலே, ஒரு சிறுமி தன் தந்தையின் கைத்தொலைபேசியைப் பக்கத்தே வைத்துக்கொண்டு பாடத் துணிகின்றாளாயின், அத்துணிவைக் குறைகூறுதல் அறமன்று. சுருதியில் நிற்கவும் எடுப்பைத் தவறவிடாதிருக்கவும் பதிந்த இசை கற்பிக்கும். ஒரே பகுதியை நூறுமுறை திரும்பப் பாடினாலும் அது சலிப்பதில்லை. இப்பொறுமை எவ்வாத்தியகாரரிடத்தும் எதிர்பார்க்கத்தக்கதன்று. தனியறைப் பயிற்சிக்கு அது நல்ல கண்ணாடி. தன் உருவைத் திருத்துதற்குக் கண்ணாடி உதவும். எனினும் கண்ணாடியோடு உரையாட முடியாது.

இடர் தோன்றுவது அக்கண்ணாடியை அரங்குக்குக் கொண்டுவரும்போதேயாம். பாடசாலை விழாவொன்றில் ஒரு மாணவி கரோக்கி இசைக்குப் பாடுகின்றாள் எனக் கொள்வோம். அதே பாடசாலையிலே வடஇலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு மிருதங்கம் பயிலும் மாணவன் ஒருவன் இருக்கின்றான். அவன் வாசிப்பு இன்னும் செப்பமுறவில்லை. பதிந்த இசையோ குற்றமற்றது. விழாவைச் சிறப்பாக நடத்த வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் ஆசிரியர் பதிவையே தெரிந்தெடுக்கின்றார். அவ்விழா சிறப்புறும். மாணவன் மேடையோரத்திற் கைகட்டி நிற்பான். அடுத்த ஆண்டும் அவ்வாறே. பிறருக்குப் பக்கம் வாசித்தே பக்கம் வாசிக்கப் பழகமுடியும்; அதற்கு வேறு வழி இல்லை. அவ்வாய்ப்புப் பலமுறை மறுக்கப்படின், பரீட்சைச் சான்றிதழ் அவனிடம் இருக்கும். கேட்கும் செவி இராது. ஓர் ஊரிலே பாடுவோர் பலராகவும் பக்கம் வாசிப்போர் இல்லாதாராகவும் ஆகும் நிலை இவ்வாறே ஓசையின்றி வந்து சேரும்.

பாடும் மாணவிக்கும் இழப்பு உண்டு. குரல் நீக்கிய இசை, முன்பு பாடியவரின் மூச்சுக்கு அளந்து தைத்த சட்டையை ஒக்கும். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நீட்டிய அளவே நீட்டி, அவர் சங்கதியையே இவளும் பாடவேண்டியவளாகின்றாள். ஓர் அடியில் உள்ளம் தோய்ந்து அதனை மீண்டும் ஒருமுறை பாட விழைந்தாலும் இசை நில்லாது. திருப்பிப் பாடுதலும் நிரவிப் பாடுதலும் நம் இசையின் உயிர்நிலைகள். அவற்றுக்கு இடமில்லாதவிடத்து எஞ்சுவது நல்ல போலியேயன்றிப் பாட்டன்று. போட்டி நடுவர்கள் மூலப்பாட்டோடு ஒத்திருத்தலையே அளவுகோலாகக் கொள்வாராயின், அத்தீங்கு இருமடங்காகும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இயற்றியோர்க்கும் பாடியோர்க்கும் பதிந்தோர்க்கும் உரிய உரிமைகளை இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வகுத்துள்ளது. குரலை நீக்கியதனால் எஞ்சிய இசை உரிமையற்ற பொருளாகிவிடாது. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 2024இலே காலஞ்சென்ற பாடகர் இருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவினால் ஆக்கி ஒரு படப்பாட்டில் எடுத்தாண்டபோது, அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். குரலைச் சேர்ப்பதற்கு இசைவு வேண்டுமாயின், குரலை நீக்குவதற்கும் அதுபற்றிய சிந்தனையேனும் வேண்டும். விழாவிலே எவர் இசைக்குப் பாடுகின்றோம் என்று பெயர் சொல்லுதலாவது மாணவருக்குக் கற்பிக்கத்தக்க குறைந்த அளவு நன்றியாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் செய்யத்தக்கது யாதெனத் தெளிவாகும். பயிற்சிக்குக் கரோக்கி, அரங்குக்கு மனிதர் என்பதைப் பாடசாலைகள் பொது விதியாகக் கொள்ளலாம். வாத்தியகாரர் இல்லாதவிடத்து, ஒரு தாளமும் ஒரு சுருதிப்பெட்டியும் கொண்டு பாடுவது பேரிசைக்குழுவின் பதிவோடு பாடுவதினும் சிறிதாகத் தோன்றலாம். ஆயின் அங்கே தாளம் போடும் மாணவன் பாடும் மாணவியைக் கேட்கின்றான். பதிவே வேண்டுமாயின், கடல் கடந்த கூடங்களிற் பிறந்த பதிவின் குரலை நீக்குவதை விடுத்து, ஊரிலுள்ள அண்ணாவியாரையும் மத்தளகாரரையும் உடுக்கு வல்லாரையும் அழைத்து, அப்பிள்ளைகளுக்கென்றே வாசிக்கச் செய்து பதிந்துகொள்ளலாம். அதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. குரலை நீக்கும் அதே கைத்தொலைபேசி போதும். அவ்வாறு செய்வதனாற் பயிற்சிக்கு இசையும் கிடைக்கும். முதியோர் வாசிப்பின் நினைவும் ஊரில் நிலைக்கும்.

காரைதீவிற் பிறந்து, வழக்கொழிந்த யாழின் வடிவையும் இசையையும் நூல்களினின்றும் மீட்டெடுக்கப் பல்லாண்டு முயன்று, 1947இல் 'யாழ்நூல்' அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்த விபுலாநந்த அடிகள், இவ்வாவியிற் கேட்கும் ஒலியை நீரரமகளிர் இசையாகக் கொண்டு பாடியவர். மறைந்துபோன துணைக்கருவி ஒன்றை மீட்பதற்கு ஓர் அறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், இருக்கும் துணையைக் காப்பது எத்துணை எளிது என்பது புலனாகும். நிலவுக் காலத்திலே கல்லடிப் பாலத்தருகே மீன்பாட்டைக் கேட்கச் செல்வோர், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு தலையை நீரில் ஆழ்த்தி மறுதலையிற் செவியை வைப்பர். தோணியை வலித்துக்கொண்டே அவ்வொலியைக் கேட்டவர் எவரும் இலர்.